என் தமிழ் இலக்கணக் குறிப்பை அட்டை மாற்றி விற்கிறார்கள், என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய இலக்கணக் குறிப்பு இது. ஜெராக்ஸ் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்து வந்தேன். இப்போது பொள்ளாச்சி அச்சகம் ஒன்று தன் பெயரைப் போட்டு அச்சடித்து, எங்கள் ஊர்க் கடைகளுக்கே அனுப்புகிறது. நான் உதாரணமாக எழுதிய 'கொழிஞ்சாம்பாறைப் பேருந்து' கூட அப்படியே இருக்கிறது! கேட்டால், "பதிவு பண்ணியிருக்கீங்களா? இலக்கணம் உங்க சொத்தா? வேணும்னா தமிழ்நாட்டுக்கு வந்து கேஸ் போடுங்க" என்கிறார்கள். மனசு ஆறவில்லை.

பாலக்காடு வக்கீல்:
டீச்சர், பதிவு கட்டாயம் இல்லை. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பின் 60 வருடத்துக்கும் அது நிற்கும். பதிவு ஒரு சான்று, அவ்வளவுதான். புணர்ச்சி விதி யாருக்கும் சொந்தமில்லை, அது உண்மை. ஆனால் அதை நீங்கள் விளக்கிய வார்த்தைகளும் உதாரணங்களும் உங்களுடையவை. பள்ளிச் சம்பளத்தில் பள்ளி வேலையாக எழுதியிருந்தால் கதை வேறு. இது வீட்டு டியூஷன்.

எல்லை தாண்டி அலையவும் வேண்டாம். அதே சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, வழக்குப் போடுபவர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். உங்களுக்குப் பாலக்காடு போதும். தடை உத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம். முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள்.

மூணாறு தமிழாசிரியர்:
சார், நானும் புத்தகப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுக்கிறேனே, அது தப்பா?

பாலக்காடு வக்கீல்:
இல்லை சார். ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும்போது நகல் எடுக்க 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பாடப் பக்கங்களை நகலெடுத்துக் கொடுத்த டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது பதிப்பகங்கள் போட்ட வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம்தான் நின்றது. அதற்காக, அட்டை மாற்றிக் கடைக்கு அனுப்புவது பாடம் நடத்துவது ஆகிவிடாது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
ஒன்று மறைக்காமல் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில், இன்று நம்மோடு இருக்கும் ஒரு கவிஞரின் கவிதையை முழுசாகச் சேர்த்திருக்கிறேன். பாரதியார் பாட்டும் உண்டு.

பாலக்காடு வக்கீல்:
பாரதியார் மறைந்தது 1921இல், அதில் பிரச்சினை இல்லை. மற்றக் கவிதை வகுப்பில் இருக்கலாம். நாளை புத்தகமாக விற்பதென்றால் கவிஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாலு வரி எடுத்து அதை விமர்சித்து விளக்குவது வேறு, முழுக் கவிதையையும் போடுவது வேறு. அப்புறம், கையெழுத்துப் பிரதி ஏதாவது இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
மூன்று நோட்டு, பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. முதல் வருடம் வாங்கிய பிள்ளைகளிடம் பழைய நகலும் இருக்கும், கேட்டு வைக்கிறேன். கவிஞருக்கு இன்றைக்கே கடிதம் எழுதுகிறேன். நோட்டீஸ் விஷயமாகத் திங்கட்கிழமை நேரில் வரலாமா சார்?

பாலக்காடு வக்கீல்:
வாங்க டீச்சர். நோட்டுகளோடு, அந்தக் கடையில் ஒரு பிரதி காசு கொடுத்து வாங்கி, பில்லையும் கொண்டு வாங்க.