ஜப்பானிலிருந்து என்ன தின்பண்டம் வாங்கி வரலாம்? கிட்காட் தவிர

சுடர்விழி கேட்டது:

வணக்கம். 2026 நவம்பர் கடைசியில் நானும் கணவரும் ஜப்பான் போகிறோம். டோக்கியோவில் இறங்கி, கியோட்டோ, ஹிரோஷிமா எல்லாம் சுற்றிவிட்டு, ஒசாகா பக்கத்தில் இருக்கும் கன்சாய் விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக ஊர் திரும்புவதாகத் திட்டம். போய்வந்தவர்கள் எல்லாரும் பச்சைத் தேநீர் கிட்காட்டும் டோக்கியோ பனானாவும்தான் கொண்டுவருகிறார்கள். அலுவலகத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே "ஓ, இதுவா" என்கிறார்கள். எனக்கு அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிற ஏதாவது வேண்டும்.

மோச்சி என்கிற ஒட்டரிசி மாவுப் பண்டம் கேட்டு ஏற்கெனவே நாலு பேர் சொல்லிவிட்டார்கள், அது ஊர் வரை தாங்குமா? மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம், பால் மட்டும் பரவாயில்லை. அலுவலகத்தில் முப்பது பேர். அப்புறம் நாத்தனார், பிரமாதமாகச் சமைப்பார், அவருக்கு இனிப்பு வேண்டாம், அடுப்படியில் பயன்படுகிற மாதிரி ஏதாவது. எல்லாவற்றையும் கடைசி நாள் விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாமா, இல்லை ஊர் ஊராக வாங்கிச் சுமக்க வேண்டுமா?

ஒசாகாவாசி எழுதியது:

முதலில் மோச்சி விஷயத்தை முடித்துவிடுவோம். கடையில் அன்று காலை பிடித்த தைஃபுகு, அதாவது பயறுப் பூரணம் வைத்த மோச்சி, அன்றைக்கே வாயில் போட வேண்டியது. மறுநாள் இறுக ஆரம்பிக்கும், குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும், ஏனென்றால் வெந்த அரிசியின் மாவுச்சத்து குளிர்ந்தால் மறுபடி கெட்டிப்படும். இசே கோயில் வாசலில் 1707இல் தொடங்கிய அகாஃபுகு கடை இருக்கிறதே, அவர்கள் மோச்சிக்கே வெயில் காலத்தில் 2 நாள், குளிர்காலத்தில் 3 நாள்தான் கெடு. ஒசாகாவின் பெரிய ரயில் நிலையங்களில் அது கிடைக்கும். வாங்கி ரயிலிலேயே தின்றுவிடுங்கள், ஊருக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். மெத்தென்ற பண்டம்தான் வேண்டும் என்றால், மாவில் சர்க்கரையை நிறையச் சேர்த்துக் கிளறும் கியூஹி வகையைத் தேடுங்கள். சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது நாள் கணக்கில் இளக்கமாகவே இருக்கும். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போகும் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஒகயாமாவில் நிற்கும், அந்த ஊரின் கிபி தாங்கோ இந்த வகைதான்.

கியோட்டோ என்றால் யாட்சுஹாஷி. அரிசி மாவு, சர்க்கரை, லவங்கப்பட்டை. இதில் இரண்டு விதம். வேகவைத்த மெல்லிய மாவுத் தகட்டுக்குள் இனிப்புப் பயறு வைத்து முக்கோணமாக மடித்தது ஒன்று, கோத்தோ என்கிற தந்தி வாத்தியம் மாதிரி வளைந்து மொறுமொறுவென்று சுட்டது இன்னொன்று. எல்லாரும் வாங்குவது மென்மையான முக்கோணம், அது ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். சுட்டது மாதக்கணக்கில் தாங்கும், விலையும் குறைவு, ஆனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கென்னவோ சுட்டதுதான் பிடிக்கும், பட்டை வாசம் அதில்தான் தூக்கலாக இருக்கும்.

இந்த இனிப்புப் பயறு விழுது நம் ஆட்களுக்குப் பிடிக்குமா என்று பலர் கேட்பார்கள். மேற்கத்தியர்கள்தான் பயறில் சர்க்கரையா என்று முகம் சுளிப்பார்கள். கொழுக்கட்டைப் பூரணம் தின்று வளர்ந்தவருக்கு அஸுகி என்கிற இந்தச் சிவப்புப் பயறு அந்நியமே இல்லை, ஏலக்காய் மட்டும் இருக்காது, அவ்வளவுதான்.

உங்கள் மாமியாருக்கு யோகான் வாங்குங்கள், வேறு யோசனையே வேண்டாம். கட்டியாக உறையவைத்த இனிப்பு அது, பயறு, சர்க்கரை, கடற்பாசி, மூன்றே மூன்றுதான். சர்க்கரை அத்தனை இருப்பதாலும் சூடாகவே உறையில் ஊற்றி அடைப்பதாலும் உறை பிரிக்காத வரை சில மாதங்கள், சில கடைகளில் ஒரு வருடம்கூட வெளியிலேயே இருக்கும். தொராயா என்று ஒரு கடை, 16ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் அரண்மனைக்கு இனிப்பு கொடுக்கத் தொடங்கி, 1869இல் பேரரசர் டோக்கியோவுக்கு மாறியபோது கூடவே போனவர்கள். அவர்களுடைய சின்ன யோகான் கட்டி ஒன்று 300 யென்னைத் தாண்டும், விலைதான், ஆனால் கைக்கு அடக்கமாக, அழகான பெட்டியில் வரும். மிசு யோகான் என்று எழுதியிருந்தால் அது வேறு. அதில் தண்ணீர் அதிகம், ஆயுள் குறைவு.

கடைசி நாள் விமான நிலையத்தில் வாங்குவதைப் பொறுத்தவரை: கன்சாயில் கியோட்டோ, ஒசாகா சரக்குகளில் முக்கியமானவை கிடைக்கும். ஆனால் ஜப்பானில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பண்டம், அது அந்த ஊர் நிலையத்தில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். டோக்கியோ கடைச் சரக்கையும் ஹிரோஷிமா பக்கத்து மியாஜிமா தீவுச் சரக்கையும் கன்சாயில் தேடி அலையாதீர்கள். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தளத்தில் உணவுத் தளம் இருக்கும், அங்கே பல ஊர்ப் பழைய கடைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கியோட்டோவில் ஒரு மாலை நேரத்தை அதற்கு ஒதுக்கினால் பாதி வேலை முடியும்.

இலைச்சோறு எழுதியது:

சைவம் என்பதால் சொல்கிறேன், ஜப்பானிய இனிப்புப் பண்டங்களில் அவ்வளவு பயமில்லை, உப்புப் பண்டங்களில்தான் இருக்கிறது. யோகான், மெல்லிய அரிசித் தகடுகளுக்குள் பயறு வைத்த மொனாக்கா, பயறு வைத்த மோச்சி எல்லாம் பெரும்பாலும் தாவரப் பொருள்தான். அரிசி அப்பளம் மாதிரித் தோன்றுகிற செம்பெயில் சோயா சாஸோடு கட்சுவோ மீன் சாறு கலந்திருக்கலாம், உடனடி மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் மீன், சோற்றில் தூவும் ஃபுரிகாகேயில் மீன், உப்பில் ஊறவைத்த உமே பழமான உமேபோஷியிலும் தேன் ஊறியதற்குப் பக்கத்திலேயே மீன் சீவல் போட்ட உமேபோஷி இருக்கும். ஒகினாவாவின் சின்சுகோ பிஸ்கெட் பார்க்க அப்பாவியாக இருக்கும், அது பன்றிக் கொழுப்பில் செய்வது.

பெட்டியின் பின்புறம் ஒவ்வாமைக் கட்டம் இருக்கும். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, நிலக்கடலை போன்றவற்றைச் சட்டப்படி போட்டே ஆக வேண்டும், ஆகவே முட்டை இருக்கிறதா என்பதற்கு அதை நம்பலாம். ஆனால் ஜெலட்டின், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி எல்லாம் பரிந்துரைப் பட்டியலில்தான் வருகின்றன, எழுதாமல் விட்டாலும் குற்றமில்லை. கட்சுவோ மீன் எந்தப் பட்டியலிலும் கிடையாது. அதனால் கட்டத்தை மட்டும் பார்த்து "மீன் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மொழிபெயர்ப்புச் செயலியை எடுத்து மூலப்பொருள் பத்தி முழுவதையும் படம்பிடித்துப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும், சாய்கோட்டுக்குப் பிறகு வருவது சேர்மானங்கள்.

மாமியாருக்கு யோகானோடு வசான்போன் ஒரு பெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். ஷிகோக்கு தீவில் தோகுஷிமா, ககாவா பக்கம் விளையும் மெல்லிய கரும்பின் சர்க்கரையைத் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து பிழிந்து, திரும்பப் பிசைந்து பிழிந்து, மாவு போல ஆக்கி மர அச்சில் தட்டி எடுப்பது. நாக்கில் வைத்ததும் கரையும். நீங்கள் போகிற பருவத்தில் மேப்பிள் இலை, சாமந்தி வடிவங்கள் வந்திருக்கும். நீண்ட நாள் தாங்கும், எடையும் இல்லை, ஆனால் பெட்டியைக் கைப்பையில் வையுங்கள், குலுங்கினால் உடைந்து போகும்.

கட்டைவிரல் எழுதியது:

முப்பது பேருக்கு யோகான் வாங்கினால் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். தலைமுறை தலைமுறையாக என்பதெல்லாம் சரி, அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து கத்தி வைத்து யோகான் வெட்டிக்கொண்டிருப்பார்களா? தனித்தனி உறை, கையில் ஒட்டக்கூடாது, ஒரு வாய்க்கு அடங்க வேண்டும். ஹிரோஷிமா போகிறீர்கள் அல்லவா, மோமிஜி மஞ்சூ வாங்குங்கள். மேப்பிள் இலை வடிவக் கேக்குக்குள் பயறு. முட்டை உண்டு, ஆகவே மாமியாருக்குக் கிடையாது. மியாஜிமா தீவில் கடைக்குக் கடை இயந்திரம் ஓடுவதைப் பார்க்கலாம், சூடாக ஒன்றை அங்கேயே தின்னலாம், பெட்டியில் அடைத்தது ஓரிரு வாரம் தாங்கும். பயறு ஒத்துவராதவர்களுக்குக் கஸ்டர்ட் வைத்ததும் சாக்லேட் வைத்ததும் அதே பெட்டியில் கலந்து வரும். பழமை விரும்பிகள் திட்டுவார்கள், திட்டட்டும், முதலில் தீர்வது அதுதான்.

இன்னொன்று, டோக்கியோ அசகுசாவில் காமினாரி ஒகோஷி. அரிசியைப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் பிடித்தது, நிலக்கடலை போட்டதும் உண்டு. மலிவு, உடையாது, தாங்கும். பல்லுக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

ஒசாகாவாசி எழுதியது:

கட்டைவிரல் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தனி உறை விஷயத்தை நான் விட்டுவிட்டேன். இங்கே பயணம் போய்வந்தவர் அலுவலகத்தில் பண்டம் பகிர்வது எழுதாத விதி, அதனால்தான் பெட்டிகளே எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எண்ணிக்கை போட்டு விற்கின்றன, உள்ளே எப்படி இருக்கும் என்று மாதிரியையும் வெளியில் வைத்திருப்பார்கள். ஆனால் கஸ்டர்ட் மோமிஜியைப் பாரம்பரியம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், சரியா.

சுடர்விழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாமியாருக்கு யோகானும் வசான்போனும், அலுவலகத்துக்கு மோமிஜி மஞ்சூவும் ஒகோஷியும், இது முடிவாகிவிட்டது. மோச்சி கேட்டவர்களுக்கு முக்கோண யாட்சுஹாஷியை ஊருக்குக் கிளம்பும் முன் வாங்கிக்கொள்கிறேன். நாத்தனாருக்கு யாருமே ஒன்றும் சொல்லவில்லையே? ஏழு மசாலா கலந்த மிளகாய்ப் பொடி ஒன்று நன்றாக இருக்கும் என்று எங்கோ படித்தேன். அப்புறம் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் பொருள்களுக்கான வரியைத் திரும்பப் பெறுவது இப்போது எப்படி? பையை ஒட்டி சீல் வைத்துத் தருவார்கள் என்கிறார்களே.

மிளகுத்தட்டு எழுதியது:

அக்கா, அந்த ஏழு மசாலாவில் கவனம், ஷிச்சிமி தொகராஷி என்று பெயர். மிளகாய், சான்ஷோ என்கிற ஜப்பானிய மிளகு, ஆரஞ்சுத் தோல், எள்ளோடு பல கலவைகளில் கசகசாவும், முளைக்காதபடி சூடாக்கிய கஞ்சாச் செடி விதையும் இருக்கும். ஜப்பானில் அது சாதாரண உணவுப் பொருள். நீங்கள் போகும் வழி சிங்கப்பூர், அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள், துபாய் வழியாகப் போனாலும் இதே கதைதான். 1625இலிருந்து ஷிச்சிமி விற்கும் யாகென்போரியின் அசகுசாக் கடையில் கண்முன்னே கலந்து தருவார்கள், அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. போய்ப் பாருங்கள், ஆனால் வாங்கும்போது தனி மிளகாய்ப் பொடியான இச்சிமியோ, தனி சான்ஷோ பொடியோ வாங்குங்கள். சமைக்கத் தெரிந்தவருக்கு சான்ஷோதான் பரிசு. நாக்கு லேசாக மரத்து, எலுமிச்சை வாசம் அடிக்கும், தயிரில் தூவினால்கூட எடுபடும். வாசம் சீக்கிரம் போய்விடும், ஆகவே சின்ன டப்பா போதும்.

அடுத்து யூசு கோஷோ. கியூஷு பக்கத்துச் சரக்கு, பச்சை மிளகாயையும் எலுமிச்சை இனத்து யூசு பழத் தோலையும் உப்போடு அரைத்த விழுது. காரம் தெரிந்த வீட்டில் குட்டிப் போத்தல் ஒரு மாதம்கூட நிற்காது. மிசோ வாங்குவதானால் கியோட்டோவின் வெள்ளை மிசோ வேண்டாம், உப்பு குறைவு, குளிரில் வைக்க வேண்டும். ஐச்சி மாநிலத்து ஹச்சோ மிசோ சோயாவும் உப்பும் மட்டும் போட்டு இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம் ஊறவைத்தது, கறுப்பாகக் கெட்டியாக இருக்கும், எதற்கும் அசையாது. விழுது, மிசோ, ஊறுகாய் எல்லாமே பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போட்டு ஏற்றிவிடுங்கள்.

மாச்சா என்கிற பச்சைத் தேநீர்ப் பொடி வாங்கப் போனால் ஒரு ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று சில கடைகளில் சொல்வார்கள், 2024இலிருந்து தட்டுப்பாடு. தேநீர் விழாவுக்கான உயர்ந்த ரகத்தை வாங்கி லட்டேயில் கலக்குவது பாவம். வீட்டில் தினமும் குடிக்கிறவர்களுக்கு வறுத்த இலையான ஹோஜிசா போதும், விலையும் சுலபம், திறந்த பிறகும் மாச்சா அளவுக்குச் சீக்கிரம் கெடாது.

ஒசாகாவாசி எழுதியது:

வரிக்கு வருகிறேன். நீங்கள் படித்தது பழைய முறை. 2026 நவம்பர் 1 முதல் கடையில் வரியோடு முழுத் தொகையும் கட்ட வேண்டும், பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும், கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் சுங்கம் உறுதி செய்த பிறகு பணம் திரும்ப வரும். சீல் பை கிடையாது. ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னாவது வாங்கியிருக்க வேண்டும். உணவுக்கு வரி 8 சதவீதம், மற்ற பொருள்களுக்கு 10. ஆகவே 5,000 யென்னுக்கு இனிப்பு வாங்கினால் திரும்புவது 400 யென், அதற்காக மனதுக்குப் பிடிக்காத கடையில் போய் எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், அதனால் பெரிய பெட்டியை விமானக் கம்பெனியிடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க வேலையை முடித்துவிடுங்கள். வழியில் தின்றுவிட்ட பெட்டிக்கு வரி திரும்பாது என்பதையும் உங்கள் கணவருக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

கெடு தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். 26.12.05 என்றால் 2026 டிசம்பர் 5, 2005 டிசம்பர் 26 என்று நினைத்து அலறாதீர்கள்.

நவம்பர் கடைசி என்பதால் ஒரு உபரித் தகவல், ஒசாகாவுக்கு வடக்கே மினோ அருவிக்குப் போகும் பாதையில் மேப்பிள் இலையையே உப்பில் ஊறவைத்து, இனிப்பு மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து விற்பார்கள், எள் தூவியிருக்கும். கறுமுறுவென்று இருக்கும், இலையின் ருசி என்று தனியாக ஒன்றும் தெரியாது, ஆனால் குழந்தைகளுக்கு இலையைத் தின்றோம் என்பதே கதை. ஒன்றிரண்டு பொட்டலம் போட்டுக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பண்டம், துணிமணியோடு சேர்த்து வைக்காதீர்கள்.