பிரித்தானியாவில் கௌசிக்கு வந்திருக்கும் ஆறு மாத வேலை

குழு: அம்மம்மா வீட்டார்

வசந்தி, மாலை 6:10
கௌசிக்கு ஜொப் சென்டரில், அதுதான் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில், ஒரு வேலை சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதம். பழைய சைக்கிள்களைத் திருத்தி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தொண்டு நிறுவனம். சம்பளம் அரசாங்கக் காசு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏ லெவல் முடித்த பிள்ளை.

சிவா, மாலை 6:24
வேண்டாம் தங்கச்சி. சும்மா வேலை வாங்குகிற வழி இது. முன்பும் படித்த பிள்ளைகளைக் கடையில் சாமான் அடுக்க விட்டவர்கள்தானே.

ரஞ்சினி, மாலை 6:31
மாமா, நீங்கள் சொல்வது 2011 கடைசியில் நடந்தது. ஜியோலொஜி படித்து, மியூசியத்தில் தொண்டு செய்துகொண்டிருந்த பெண்ணைப் பவுண்ட்லேண்ட் என்ற மலிவு விலைக் கடைக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமை, ஒரு பென்ஸ் சம்பளம் இல்லை. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகள் செல்லாது என்று சொன்னது. அந்தத் திட்டத்துக்கு எதிராக நானும்தான் கத்தினேன்.

இது அதுவல்ல. 18 மாதம் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிக் காசில் இருந்து வேலை தேடிய இளம் பிள்ளைகளுக்கு வாரம் 25 மணி, சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம். கௌசியின் வயதுக்கு மணிக்கு 10.85 பவுண்டு. வாரத்துக்கு 271 பவுண்டு வரும்.

வசந்தி, மாலை 6:35
அப்போ கிரெடிட் நிற்குமா பிள்ளை?

ரஞ்சினி, மாலை 6:36
உழைக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறையும் சின்னம்மா. இந்தச் சம்பளம் வந்தால் அவனுக்குக் கிரெடிட் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் கைக்கு வருவது பல மடங்கு கூட.

சிவா, மாலை 6:40
ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் வீட்டில்தானே இருக்கப் போகிறான்? நான் வந்த புதிதில் பெற்றோல் செற்றில் இரவு வேலை செய்து மேலே வந்தேன். யார் திட்டம் போட்டுத் தந்தது?

ரஞ்சினி, மாலை 6:52
மாமா, உங்களை எடுக்க அந்த பெற்றோல் செற்றில் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். எனக்கு யாரும் இருக்கவில்லை. அம்மாவைத் தவிர உங்கள் யாருக்கும் இதைச் சரியாகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

2009இல் படிப்பு முடிந்தது. நூறுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன். வாரத்துக்கு 50 பவுண்டு 95 பென்ஸ் அலவன்ஸ். ஒரு வருடத்தில் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் ஃபியூச்சர் ஜொப்ஸ் ஃபண்ட் என்ற அரசாங்க வேலைத் திட்டத்தில் இடம் கிடைத்தது. இதே 25 மணி, இதே ஆறு மாதம். ஊருக்குப் பயன்படுகிற வேலையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. லெஸ்டரில் பழைய தளபாடக் களஞ்சியம் ஒன்றில் போட்டார்கள்.

முதல் நாள் கற்றது என்ன தெரியுமா? சோபா வந்தால் குஷனைத் தூக்கி, தீப்பாதுகாப்பு லேபிள் இருக்கிறதா என்று பார்ப்பது. லேபிள் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல சோபா என்றாலும் விற்க முடியாது. வான் ஓட்டிய வயதான மனிதர், "போனை நீ எடு, பிழை விட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். மூன்றாம் கிழமை ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வீடில்லாதவர்கள் தங்கும் ஹொஸ்டலில் இருந்து வெறும் ஃபிளாட்டுக்கு வந்தார்கள். கட்டிலை மூன்றாம் மாடிக்கு நாங்கள்தான் ஏற்றினோம். ஸ்குரூ முடுக்கி முடியும் முன்பே சின்னவன் மெத்தையில் படுத்து நித்திரையாகிவிட்டான். அன்று பஸ்ஸில் வரும்போது, ஒரு வருடத்துக்குப் பிறகு நான் ஒரு ஆளாக இருக்கிறேன் என்று தோன்றியது.

கௌசிகன், மாலை 6:58
அக்கா, முடிந்த பிறகு என்ன நடந்தது?

ரஞ்சினி, இரவு 7:09
அதுதான் பிழையாகப் போனது தம்பி. கடைசிக் கிழமை வரை அடுத்தது என்ன என்று யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை கேக் வெட்டினார்கள், திங்கட்கிழமை நான் திரும்ப ஜொப் சென்டரில். நான்கு மாதம் கழித்து குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கிற ஒரு ஹவுசிங் அசோசியேஷனில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் பேசியது முழுக்க அந்தக் களஞ்சியத்தைப் பற்றித்தான்.

கிட்டத்தட்ட 1,05,000 பேர் அந்தத் திட்டத்தில் வேலை செய்தார்கள். 2010இல் வந்த புது அரசாங்கம் காசு வீண் என்று நிறுத்தியது. பிறகு 2012இல் அரசாங்கமே வெளியிட்ட ஆய்வில், செலவையெல்லாம் கழித்தும் ஆளுக்கு 7,750 பவுண்டு சமூகத்துக்கு லாபம் என்று வந்தது. மூடிய பிறகு! அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சிவா, இரவு 7:15
இந்த லாபக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் காரணமில்லாமல் மறுத்தால் காசை வெட்டுவார்களே, அது சரியா?

ரஞ்சினி, இரவு 7:18
சரியில்லை மாமா. பயமுறுத்தி அனுப்பினால் பிள்ளை முதல் நாளே மனம் விட்டுத்தான் போவான். அதனால்தான் அவன் தானாக விரும்பிப் போக வேண்டும் என்கிறேன்.

கௌசி, கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேள். வேலை பழக்குபவர் யார், அவர் தினமும் அங்கே இருப்பாரா? மற்ற நேர்முகங்களுக்குப் போகச் சம்பளத்தோடு நேரம் தருவார்களா? மூன்றாம் மாதத்திலேயே உட்கார்ந்து அடுத்த வேலையைப் பற்றிப் பேசுவார்களா? கடைசியை மட்டும் எழுத்தில் வாங்கு.

கௌசிகன், இரவு 7:26
சரி அக்கா. இன்றைக்குப் போய் வெளியில் நின்று பார்த்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஒரு அக்கா உள்ளே கூப்பிட்டு, சக்கரத்தில் கம்பி நேராக்குவதைக் காட்டினார். இரண்டு நானே செய்தேன்.

வசந்தி, இரவு 7:28
அதுதானா சேர்ட்டில் கிறீஸ்?

கௌசிகன், இரவு 7:28
ஓம் அம்மா. நாளைக்கு நான் ஜொப் சென்டருக்குப் போன் எடுக்கிறேன். நானே பேசுகிறேன்.