ஒரே மனு எக்செலில் மூன்று வரியில் நிற்கிறது: எப்படி இணைப்பது?

2026 நவம்பர் தேர்தலுக்காக அமெரிக்க மாநிலங்களில் தாக்கலாகும் குடிமக்கள் முன்மொழிவு மனுக்களை (மக்களே கையெழுத்து திரட்டிச் சட்ட யோசனையை வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவது) எக்செலில் தொகுக்கிறோம். எண்ணிக்கை தாறுமாறாக ஏறுகிறது.

பெரிய தலைவலி கலிபோர்னியா. மனு போட்டதும் அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி) ஆண்டோடு சேர்த்து ஒரு எண் தருவார் (23-0017 மாதிரி). மனுவைத் திருத்தினால் அந்த எண்ணின் வாலில் ஏ1 (A1) சேரும். கையெழுத்து திரட்டும் கட்டத்தில் மாநிலச் செயலரின் (தேர்தலைக் கவனிக்கும் அதிகாரி) நான்கு இலக்க எண். தகுதி பெற்றால் வாக்குச்சீட்டில் வரும் ப்ரொபோசிஷன் எண். கொலராடோ, மிசௌரியில் தலைகீழ்: ஒரே தரப்பு சொற்களை மட்டும் மாற்றிப் பல வடிவங்கள் போடும்.

தலைப்பை வைத்துப் பொருத்திப் பார்த்தாயிற்று. கலிபோர்னியாவில் அதிகாரபூர்வத் தலைப்பை அட்டர்னி ஜெனரலே எழுதுவதால் சிக்கவில்லை. மனுதாரர் பெயரும் பயனில்லை. ஒருவரே பல மனு கொடுக்கிறார். கலிபோர்னியாவில் கையெழுத்து திரட்டும் 180 நாள் கெடு தாண்டிச் செத்தவையும் பட்டியலில் உயிரோடு இருக்கின்றன.

எண் மாறினாலும் மாறாத அடையாளமாக எந்த நெடுவரிசையை (column) வைத்து வரிகளை இணைக்கிறீர்கள்?