புதுப்பிப்பு: பேட்டரியில் மட்டும் வேலை செய்யாத தொடு உணரி, காரணம் கிடைத்தது

செப்புத் தகடு, 1 மெகா ஓம் ரெசிஸ்டர், ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (நிரலை ஓட்டும் சின்னச் சிப்), இவ்வளவுதான் சர்க்யூட். கணினியோடு இணைத்தால் விரலை உடனே கண்டுகொள்கிறது, பேட்டரிக்கு மாற்றினால் இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். நிரலில்தான் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன், அது இல்லை.

தகடு சார்ஜ் ஆகும் நேரத்தைத்தானே அளக்கிறோம், விரல் 10 பிகோஃபாரட் மின்தேக்குதிறனைக் (சார்ஜைச் சேமிக்கும் திறன்) கூட்டினால் நேர மாறிலியில் (சார்ஜ் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதன் அளவு) கூடுவது வெறும் 10 மைக்ரோ விநாடி, அதுவும் அந்த மின்னோட்டம் உடல் வழியாகச் சர்க்யூட்டின் கிரவுண்டுக்கு (பூஜ்ய வோல்ட் இணைப்பு) திரும்ப வழி இருந்தால்தான். கணினி அந்த வழியைக் கொடுத்தது. பேட்டரியில் அது மிகவும் பலவீனம்.

சரி, பெட்டியைக் கையில் பிடிக்கும் பக்கத்தில் உள்ளே அலுமினியத் தாளை ஒட்டிக் கிரவுண்டோடு இணைத்தேன். இப்போது ஒவ்வொரு தொடுதலும் பதிவாகிறது, அவ்வளவு சந்தோஷம்! அப்புறம், ஒரே அளவீட்டை நம்பாமல் 32 அளவீடுகளின் சராசரியை எடுங்கள்.