5 ஹெச்பி மோட்டார் இரண்டாவது முறையும் எரிந்துவிட்டது: ரிலேயும் நோ-வோல்ட் காயிலும் இருந்தும் ஏன்?

கேட்பவர்: குடியிருப்புச் சங்கச் செயலாளர், திருவான்மியூர்

அனைவருக்கும் வணக்கம். கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள் உள்ளன. சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 5 ஹெச்பி மும்முனை மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒரே உடலாக உள்ள) மோட்டார் பதினான்கு மாதத்திற்குள் இரண்டு முறை எரிந்து, இரண்டு முறையும் காயில் கட்ட வேண்டியதாயிற்று. முதல் முறை எரிந்தபோது, பழைய ஸ்டார்ட்டரில் யாரோ ரிலேயைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுத்திருந்தது தெரிந்தது. ஆகவே, மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயும், மின்சாரம் போனால் இணைப்பை விட்டுவிடும் நோ-வோல்ட் காயிலும் உள்ள புதிய டிஓஎல் (மோட்டாரை நேரடியாக மின்வழியில் சேர்க்கும்) ஸ்டார்ட்டர் வாங்கிப் பொருத்தினோம்.

மோட்டாரின் பெயர்த்தகட்டில் 3.7 கிலோவாட், 415 வோல்ட், 7.5 ஆம்பியர் என்று இருக்கிறது. ரிலேயின் அளவு 6 முதல் 10 ஆம்பியர் வரை, அதை 7.5-இல் வைத்திருந்தார்கள். கோடை தொடங்கியதும், மோட்டார் ஓட ஆரம்பித்த கால் மணி நேரத்தில் ரிலே ட்ரிப் ஆவது வாரத்திற்கு இரண்டு மூன்று தடவை நடந்தது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "ரிலே ரொம்ப டைட்டாக இருக்கிறது" என்று சொல்லி 10-க்குத் திருப்பிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு தடவைகூட ட்ரிப் ஆகவில்லை. ஐந்தாவது வாரத்தில் மோட்டார் புகைந்துவிட்டது.

காயில் கட்டிய மோட்டார் நேற்று திரும்பி வந்தது. லாரித் தண்ணீரில்தான் நாட்கள் போகின்றன என்பதால் உடனே பொருத்தச் சொல்லி எல்லா வீடுகளிலிருந்தும் கேட்கிறார்கள். காரணம் தெரியாமல் மூன்றாவது முறை பச்சைப் பொத்தானை அழுத்த எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பாதுகாப்புகளும் இருந்தும் மோட்டார் எப்படி எரிந்தது என்பதை விளக்க முடியுமா?

பதில்: மோட்டார் காயில் கட்டுபவர், அம்பத்தூர்

வணக்கம் அம்மா. நீங்கள் அவசரப்படாமல் நிறுத்தி வைத்தது சரியான முடிவு. எரிந்த காயிலைக் கழற்றுவதற்கு முன் பட்டறையில் படம் எடுத்திருந்தால், அதில் மூன்று ஃபேஸ் காயில்களும் ஒரே மாதிரி கருகியிருந்தனவா, அல்லது ஒரு பகுதி கருகி மற்றது நன்றாக இருந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள். முப்பது ஆண்டாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எரிந்த மோட்டாரைத் திறந்து பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

கேட்பவர்

பட்டறைக்காரர் படம் அனுப்பியிருந்தார், ஐயா. வட்டத்தைச் சுற்றி ஒரு கட்டு கரியாகவும், அடுத்த இரண்டு கட்டுகள் வார்னிஷ் போட்ட அன்று இருந்தது போலத் தேன் நிறத்திலும், மறுபடி ஒரு கட்டு கரியாகவும் மாறி மாறி இருக்கின்றன. மூன்று ஃபேஸ் சுருள்களும் முக்கோணமாகச் சேரும் டெல்டா இணைப்பு என்று அவர் சொன்னார்.

பதில்: மோட்டார் காயில் கட்டுபவர், அம்பத்தூர்

அப்படியானால் இது பம்ப் இறுகியதாலோ பேரிங் பிடித்துக்கொண்டதாலோ வந்த ஓவர்லோட் அல்ல. அப்படி வந்திருந்தால் மூன்று ஃபேஸும் சேர்ந்தே கருகும். டெல்டா மோட்டாரில் ஒரு ஃபேஸ் மட்டும் கரியாகி இரண்டு ஃபேஸ் பிழைத்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும் மூன்று கம்பிகளில் ஒன்று போயிருக்கிறது என்று பொருள். மூன்று சுருள்களின் ஒரு முனை ஒரே புள்ளியில் சேரும் ஸ்டார் மோட்டாராக இருந்தால் இது தலைகீழாக, இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று பிழைத்திருக்கும். மின்சாரம் எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று கண்டுபிடிக்காமல் மோட்டாரை மாட்டினால் மறுபடி என்னைப் போன்ற ஒருவரிடம்தான் அது வந்து சேரும். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

பதில்: வயர்மேன், பெரம்பூர்

ஐயா சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் தண்ணீர் இல்லாமல் 24 குடும்பங்கள் எத்தனை நாள் காத்திருக்க முடியும்? ரிலேயில் நீல நிற ரீசெட் பொத்தானை ஆட்டோ நிலைக்குத் திருப்பி வைத்தால், ட்ரிப் ஆனாலும் ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளும். எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) வேறு இருக்கிறது, அதுவும் பாதுகாப்புதானே?

பதில்: மின்னியல் ஆசிரியர், பாலிடெக்னிக், தாம்பரம்

பெரம்பூர் நண்பருக்கு வணக்கம். அந்த யோசனையை மட்டும் தயவுசெய்து செயல்படுத்த வேண்டாம். பொத்தானை யாரும் அழுத்தாமலே கிளம்பும் இணைப்பாக இருந்தால், ஆட்டோ நிலையில் இருக்கும் ரிலே, கோளாறு அப்படியே இருக்கும்போது சூடான மோட்டாரைத் திரும்பத் திரும்பக் கிளப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு இழுக்கும். எம்சிபி கேபிளைக் காப்பதற்கு உரியது. சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் அதன் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் வர வேண்டும். மோட்டார் வெந்து சாக ஒன்றரை மடங்கே போதும்.

இனி செயலாளர் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் இரண்டு காவலர்களுக்கும் தனித்தனி வேலை உண்டு என்பதையும், இரண்டு பேரும் பார்க்காத ஓர் இடம் உண்டு என்பதையும் முதலில் சொல்ல வேண்டும். நோ-வோல்ட் காயில் என்பது கான்டாக்டரை, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்க்கும் சுவிட்சை, இழுத்துப் பிடித்திருக்கும் காந்தச் சுருள். உங்கள் ஸ்டார்ட்டரில் அது 415 வோல்ட் காயிலாக இருந்தால், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையேதான் இணைக்கப்பட்டிருக்கும். மூன்று ஃபேஸ்களையும் ஆர், ஒய், பி என்பார்கள்; வழக்கமாகக் காயில் ஆருக்கும் ஒய்க்கும் இடையே இருக்கும். மூன்றாவதான பி ஃபேஸ் அறவே போனாலும் அதற்குத் தெரியாது, கான்டாக்டரை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம் குறைந்தாலும் அது உடனே விட்டுவிடும் என்று எண்ணக் கூடாது. ஐஎஸ்/ஐஇசி 60947-4-1 தரத்தின்படி, குறித்த மின்னழுத்தத்தில் 75 சதவீதத்திற்கும் 20 சதவீதத்திற்கும் இடையே எங்கே விட்டாலும் அது சரியான காயில்தான். அதாவது 415 வோல்ட் காயில் 311 வோல்ட்டிலேயே விடலாம், ஏறக்குறைய 83 வோல்ட் வரை பிடித்துக்கொண்டும் இருக்கலாம்.

ஓவர்லோட் ரிலேக்குள் மூன்று ஈருலோகப் பட்டைகள் உள்ளன. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் அவற்றைச் சூடாக்க, இரண்டு உலோகமும் வெவ்வேறு அளவில் விரிவதால் பட்டை வளைந்து, 95, 96 என்று எண் போட்ட தொடர்பைத் திறந்துவிடும். அந்தத் தொடர்பு நோ-வோல்ட் காயிலோடு தொடரில் இருப்பதால் காயில் விட்டு மோட்டார் நிற்கும். அதே தரத்தின்படி, திருப்பி வைத்த அளவைப் போல 1.05 மடங்கு வந்தால் இரண்டு மணி நேரத்திற்கு ட்ரிப் ஆகக் கூடாது, 1.2 மடங்கு வந்தால் இரண்டு மணி நேரத்திற்குள் ஆகியே தீர வேண்டும்.

இப்போது உங்கள் மோட்டாரைப் பார்ப்போம். அது வழக்கமாக 5.4 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேஸ் போனால் மீதி இரண்டு கம்பிகளிலும் அது சுமார் 1.73 மடங்காகி, 9.3 ஆம்பியர் வரும். ரிலே 7.5-இல் இருந்தபோது இது 1.24 மடங்கு என்பதால் கால் மணி நேரத்தில் ட்ரிப் ஆனது. உங்கள் மோட்டாரைப் பல முறை காப்பாற்றியது அந்த ட்ரிப்தான். 10-க்குத் திருப்பிய பிறகு 9.3 என்பது அதன் கணக்கில் ஓவர்லோடே அல்ல. ஆனால் டெல்டாவுக்குள் அந்த 9.3-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.2 ஆம்பியர், ஒரே சுருள் வழியாகப் போகிறது. முழுச் சுமையில்கூட அந்தச் சுருள் தாங்க வேண்டியது 4.3 ஆம்பியர்தான். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுவதால், அந்த ஒரு சுருளில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் சூடு ஏறியிருக்கும். படத்தில் நீங்கள் பார்த்த கரிக் கட்டு அதுதான்.

நன்றாகத் தெரிந்த ஓர் எலக்ட்ரீஷியனை வைத்து, மோட்டாரைப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு, ரிலே 7.5-இல் இருக்கும்போதே கிளாம்ப் மீட்டரால் மூன்று கம்பிகளின் மின்னோட்டத்தையும், ஸ்டார்ட்டரின் வெளிமுனையில் மூன்று மின்னழுத்தங்களையும் அளந்து எழுதுங்கள்.

கேட்பவர்

இன்று காலை அளந்தோம். மின்னோட்டம்: ஆர் 6.6, ஒய் 6.2, பி 4.3. மின்னழுத்தம்: ஆர்-ஒய் 411, ஒய்-பி 396, பி-ஆர் 393. மின்னழுத்த வேறுபாடு சிறியதாகத்தானே தெரிகிறது?

பதில்: மின்னியல் ஆசிரியர், தாம்பரம்

சிறியதாகத் தெரியும், மோட்டாருக்கு அது சிறியதல்ல. மூன்றின் சராசரி 400. அதிலிருந்து 411 விலகியிருப்பது 2.75 சதவீதம். தூண்டல் மோட்டாரில் மின்னழுத்தச் சமமின்மை ஒரு சதவீதம் என்றால் மின்னோட்டச் சமமின்மை 6 முதல் 10 சதவீதம் வரை போகும். உங்கள் கணக்கில் சராசரி 5.7 ஆம்பியர், விலகல் ஏறக்குறைய 25 சதவீதம். இரண்டும் பொருந்துகின்றன. பி ஃபேஸ் வழியில் எங்கோ ஒரு தொடர்பு கெட்டிருக்கிறது. சூடு ஏற ஏற அது முழுவதுமாகவே விட்டுப்போகிறது. மீட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் வரை ஒவ்வொரு ஃபியூஸ், ஐசொலேட்டர் (மின்வழியைத் துண்டிக்கும் சுவிட்ச்), முனையின் இரு பக்கத்திலும், மோட்டார் ஓடும்போதே எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். நல்ல தொடர்பில் அது வோல்ட்டில் ஒரு சிறு பின்னமாகத்தான் இருக்கும். உயிருள்ள மின்சாரத்தில் செய்யும் வேலை என்பதால் உரிமம் உள்ளவர் மட்டுமே, ரப்பர் விரிப்பில் நின்று செய்ய வேண்டும்.

கேட்பவர்

கிடைத்துவிட்டது, ஐயா. எங்கள் பேனலில் உள்ள பி ஃபேஸ் ஃபியூஸ் கேரியரின் இரு முனைக்கும் இடையே 17 வோல்ட் விழுந்தது. மெயினை நிறுத்திய பிறகு பிடியை இழுத்தபோது பீங்கான் கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தது. கத்தி போன்ற செப்புப் பட்டையில் ஒரு பக்கம் பச்சைக் களிம்பு, மறு பக்கம் நீலம் பூத்த கருமை. அதைக் கவ்வ வேண்டிய இதழ்களில் ஒன்று தளர்ந்து வெளியே வளைந்திருந்தது. மற்ற இரண்டு பிடிகளிலும் களிம்பு இருந்தாலும் இதழ்கள் இறுக்கமாகவே இருந்தன.

பதில்: மோட்டார் காயில் கட்டுபவர், அம்பத்தூர்

17 வோல்ட்டும் 4.3 ஆம்பியரும் சேர்ந்தால் எழுபது வாட்டுக்கு மேல். ஒரு குண்டு பல்பு அளவுச் சூடு அந்தச் சிறிய பிடிக்குள் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கடற்காற்றில் உப்பு இருக்கும் உங்கள் பகுதியிலிருந்து என்னிடம் வரும் மோட்டார்களில் இந்தக் கதையை அடிக்கடி பார்க்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிடாதீர்கள். இதழில் விறைப்பு போனால் திரும்பாது. மூன்று பிடிகளையும் அடித்தளத்தோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பாரிமுனைப் பக்கம் மின்சாமான் கடைகளில் கிடைக்கும்.

கேட்பவர்

மூன்றையும் மாற்றிய பிறகு அளந்ததில் 5.5, 5.3, 5.4 ஆம்பியர் வருகிறது. உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு விஷயத்தை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஸ்டார்ட்டரைத் திறந்தபோது, பச்சைப் பொத்தான் உள்ளேயே அழுந்தி நிற்கும்படி ஒரு தீக்குச்சி செருகப்பட்டிருந்தது. மின்சாரம் போய் வந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும், இரவில் இறங்கி வர வேண்டியதில்லை என்று யாரோ செய்திருக்கிறார்கள். போன மாதம் மின்சாரம் இல்லாதபோது எங்கள் காவலர் பம்பின் தண்டருகே நீர் கசியாமல் இறுக்கும் கிளாண்ட் நட்டை ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையை எடுத்த மறு நொடி மின்சாரம் வந்து தண்டு சுழன்றது. அந்தக் குச்சிதான் காரணம் என்று அன்று எனக்குத் தெரியாது.

பதில்: மின்னியல் ஆசிரியர், தாம்பரம்

அந்தக் குச்சியை இன்றே எடுத்துவிடுங்கள், அம்மா. நோ-வோல்ட் காயிலின் உண்மையான மதிப்பே இங்குதான் இருக்கிறது. பச்சைப் பொத்தானை விட்ட பிறகு காயிலுக்கு மின்சாரம் கொடுப்பது, கான்டாக்டர் இழுத்ததும் மூடிக்கொள்ளும் ஒரு சிறு துணைத் தொடர்பு. மின்சாரம் போனதும் அது திறந்துவிடும். ஒரு மனிதர் வந்து அழுத்தினால் ஒழிய மோட்டார் கிளம்பாது. குச்சி வைத்தால் அந்தக் காவல் முழுவதும் போய்விடுகிறது. இன்னும் ஒன்று: மின்சாரம் திரும்பும்போது இரண்டு ஃபேஸ் மட்டும் வந்தால், நின்றிருக்கும் மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டே முழுச்சுமையைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்புவதைப் பார்த்துத் தானே ஓட வேண்டுமென்றால் வாட்டர் லெவல் கன்ட்ரோலர் வையுங்கள். ஆனால் மின்சாரம் திரும்பிய பின் சில நிமிடம் தாமதித்துக் கிளம்பும் வகையும், பம்பின் அருகிலேயே பூட்டக்கூடிய ஐசொலேட்டரும் கட்டாயம் வேண்டும்.

ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் ப்ரிவென்ட்டர் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் வகை எனக்குத் திருப்தி தருவதில்லை. ஓடும் மோட்டார், போன ஃபேஸிலும் ஓரளவு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கிக் காட்டி அதை ஏமாற்றிவிடும். ப்ரிவென்ட்டருக்குப் பிறகு கம்பி விட்டாலும் அதற்குத் தெரியாது. மின்னோட்டம், மின்னழுத்தம் இரண்டையும் பார்க்கும் வகையை வாங்கி, அதன் தொடர்பை 95, 96-ஓடு தொடரில் இணைக்கச் சொல்லுங்கள். ரிலேயை 6 ஆம்பியரில் வைத்து மேனுவல் நிலையிலேயே விடுங்கள், 5.4 எடுக்கும் மோட்டாருக்கு அதுவே போதும். பெயர்த்தகட்டில் உள்ள 7.5-ஐ எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

பதில்: வயர்மேன், பெரம்பூர்

ஆட்டோ ரீசெட் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், ஐயா. என் கவனிப்பில் இருக்கும் மூன்று குடியிருப்புகளிலும் ரிலே ஆட்டோவில்தான் இருக்கிறது. நாளைக்கே போய் மாற்றிவிட்டு, ஃபியூஸ் பிடிகளையும் இழுத்துப் பார்க்கிறேன்.

கேட்பவர்

ப்ரிவென்ட்டர் பொருத்தியாகிவிட்டது. மெயினை நிறுத்தி, பி ஃபேஸ் பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி மெயினைப் போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினோம். கான்டாக்டர் இழுக்கவே இல்லை. பிடியை மாட்டிய பிறகு மோட்டார் கிளம்பி, மூன்று கம்பிகளிலும் 5.4-ஐ ஒட்டியே காட்டியது. ஓடும்போது ரிலேயின் டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் நின்றது. நீலப் பொத்தானை அழுத்தாமல் மறுபடி கிளம்ப மறுத்தது. காவலரையும் அருகில் நிறுத்தி, ஐசொலேட்டரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் பம்பைத் தொட வேண்டும் என்று இரண்டு முறை செய்து காட்டச் சொன்னேன்.