பந்து மலைப்பாம்பு சாதுதான், வளர்ப்பது எளிதன்று

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மூன்று இனப் பாம்புகளை வளர்த்து வருகிறேன். புதிதாக வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பந்து மலைப்பாம்பைத்தான் கேட்கிறார்கள், அது கடிக்காது என்பதற்காக. மிரண்டால்கூட அது தலையை நடுவில் புதைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது அப்படிக் கிடப்பது நிம்மதியால் அன்று, அச்சத்தால் என்பதை உணர எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

2023 குளிர்காலத்தில், ஒரே நாளில் இரண்டு மூன்று முறை மின்வெட்டு வந்தபோது, 32 டிகிரி இருக்க வேண்டிய வெப்பப் பக்கம் 22-க்கு இறங்கியது. மேற்கு ஆப்பிரிக்க வெப்பத்துக்குரிய அந்தப் பாம்பு ஒன்பது வாரம் எலியைத் தொடவே இல்லை. வளர்ந்த பாம்பு அவ்வளவு நாள் பட்டினி தாங்கும் என்று அறிந்திருந்தும், வாரந்தோறும் அதைத் தராசில் வைக்கும்போது வயிற்றைக் கலக்கியது.

பட்டினியைவிட இந்த மேட்டுநிலத்தின் வறண்ட காற்றே அதிகத் தீங்கு செய்தது. சட்டை முழுதாகக் கழலாமல் துண்டு துண்டாகக் கிழிந்தது. இடக்கண்ணின் மேல், சட்டையோடு கழல வேண்டிய பழைய மூடிச் செதில் மங்கிய கண்ணாடிச் சில்லுபோல ஒட்டிக்கொண்டது. நகத்தால் உரிக்கப் போனால் கண்ணுக்கே கேடு என்பதால், ஈரப் பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் காத்திருந்தேன். அடுத்த முறை உரித்த சட்டையை ஆயா சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இடப்பக்கம் ரெண்டு மூடி இருக்குப்பா” என்றார். அன்றுதான் எனக்கு உறக்கம் வந்தது.

அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த கார்ன் ஸ்னேக் அதே குளிர்காலத்தில் ஒரு வேளை உணவைக்கூடத் தவறவிடவில்லை. அதற்கு 29 டிகிரி போதும். குட்டியாக இருந்தபோது வாலை அதிரவைத்து மிரட்டும். இப்போது கையில் ஓரிடத்தில் நிற்காமல் விரல்களுக்கிடையே ஊர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் துறுதுறுப்பைச் சிலர் முரட்டுக் குணம் என்கிறார்கள். எனக்கு அது நலத்தின் அறிகுறி.

இந்நாட்டில் இயல்பாகவே வாழும் பழுப்பு வீட்டுப் பாம்பு மூன்றிலும் உறுதியானது, நஞ்சற்றது, ஆனால் தீராப் பசிக்காரி. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் நீட்டினால் விரலையே இரையென்று கவ்வி இறுக்கும். இவ்வினத்தை வாங்க நினைப்பவர்கள், அனுமதிச் சீட்டு விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுவதால், இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். வெளியில் பிடித்த பாம்பை எவர் கொடுத்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.