மகள் ஆங்கில இலக்கியம் படிக்க ஆசைப்பட்டால்: முதலில் விசா, அப்புறம் சம்பளக் கணக்கு

இங்கிலாந்தின் ஸ்லவு நகருக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆன தங்கை ஒருவர் கேட்டிருந்தார். கணவர் ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவில் இருக்கிறார். மகள் இயர் 12, அதாவது பள்ளியில் கடைசிக்கு முந்தைய வருடம். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம்தான் படிப்பேன் என்கிறாள். "அறுபதாயிரம் பவுண்டு கடனை இங்கிலீஷ் படித்தவள் எப்படி அடைப்பாள்?" என்பது அவர் கவலை. என் மகள் 2021-ல் இதே படிப்பில் சேர்ந்தபோது எனக்கும் பல இரவு தூக்கம் வரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இங்கிலாந்து விதிகளை மட்டும்தான் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் வேறு.

தங்கை, உங்கள் நிலையில் அந்தக் கடனே கிடைக்காது. இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால்தான் பல குடும்பங்கள் யூகாஸ் என்ற பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பம் போட்ட பிறகு திகைத்து நிற்கின்றன. அரசின் ஸ்டூடண்ட் லோன் வேண்டுமென்றால், படிப்பின் முதல் கல்வியாண்டு தொடங்கும் நாளில் மகள் கையில் ஐஎல்ஆர் (காலவரம்பின்றி இங்கே தங்கும் உரிமை) இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் அவள் இங்கே வசித்திருக்க வேண்டும். அப்பாவின் விசாவைச் சார்ந்து கிடைத்த டிபெண்டன்ட் விசா போதாது. கட்டணமும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். ஆங்கிலத்துக்கே பல இடங்களில் ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். அதை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும்.

அகதி அந்தஸ்து பெற்று வந்திருக்கும் ஈழத்துக் குடும்பங்கள் பயப்பட வேண்டாம். அவர்களுக்கு இந்த மூன்று ஆண்டு நிபந்தனை இல்லை. சிறு வயதிலேயே இங்கே வந்து நீண்டகாலம் வாழ்ந்த பிள்ளைகளுக்கும் தனி விதி உண்டு. 18 வயதுக்குள் இருப்பவர் 7 ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்திருந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள்.

ஊர் நிலத்தை விற்று வெளிநாட்டுக் கட்டணம் கட்டி ஆங்கில இலக்கியம் படிக்க வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். படிப்பின் மேல் எனக்குக் குறையில்லை, அந்த விலைதான் தாங்காது. ஐஎல்ஆருக்கு ஓராண்டுதான் பாக்கி என்றால் மகள் ஓராண்டு பொறுத்துச் சேரட்டும். அந்த ஓராண்டு பல்லாயிரம் பவுண்டு மிச்சப்படுத்தும். ஆனால் ஐந்து ஆண்டில் ஐஎல்ஆர் என்று நாம் போட்டு வைத்த கணக்கைப் பொதுவாகப் பத்து ஆண்டாக்கப்போவதாக அரசு 2025 மே மாதம் அறிவித்தது. எதையும் முடிவு செய்யும் முன் உங்கள் தேதிகளை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, கடனுக்குத் தகுதி இருக்கும் பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன்.

நம் ஊரில் கல்விக்கடன் என்றால் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தவணை தவறினால் வங்கியிலிருந்து வீட்டுக்கு நோட்டீஸ் வரும். அந்த நினைப்பிலேயே இங்குள்ள கடனையும் பார்க்கிறோம். 2023 ஆகஸ்டு முதல் சேர்ந்தவர்களுக்குப் பொருந்துவது பிளான் 5 என்ற திருப்பிக் கட்டும் முறை. ஆண்டுச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் மட்டும் 9 சதவீதம் பிடிப்பார்கள். 28,000 வாங்கினால் மாதம் 22 பவுண்டு சொச்சம்; 35,000 வாங்கினால் 75. 24,000 என்றால் ஒன்றுமே இல்லை. வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும். 40 ஆண்டு கழித்தும் மிச்சமிருந்தால் தள்ளுபடி. பெற்றோர் தலையில் எந்தக் காலத்திலும் விழாது.

என் மகள் பழைய பிளான் 2-ல் இருக்கிறாள், அவளுக்கு வரம்பு வேறு. நகராட்சி ஒன்றின் தகவல் தொடர்புப் பிரிவில் 29,500 பவுண்டு சம்பளம். 2025 செப்டம்பர் சம்பளச் சீட்டில் கடனுக்காகப் பிடித்தது 7 பவுண்டு. அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றுதான் எனக்கு நிம்மதி வந்தது.

கடன் எவ்வளவு சேரும்? 2025-26-ல் கட்டணம் 9,535 பவுண்டு. லண்டனுக்கு வெளியே விடுதியில் தங்கினால் வாழ்க்கைச் செலவுக் கடன் அதிகபட்சம் 10,544. இதே அளவில் மூன்று ஆண்டுக்கு 60,000 தாண்டும். வீட்டிலிருந்தே போய்வந்தால் குறையும். நகையை அடகு வைத்தாவது முழுக் கட்டணத்தையும் முன்பே கட்டிவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். மகள் குறைந்த சம்பளத்திலேயே இருந்துவிட்டால், கட்டத் தேவையே இல்லாத பணத்தைக் கட்டியதாக ஆகிவிடும். அதை வீடு வாங்க முன்பணமாக வைத்திருங்கள்.

இதற்காகக் கடன் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. வட்டி விலைவாசியோடு ஏறும், 40 ஆண்டு என்பது வேலைக்காலம் முழுவதும். நடுத்தரச் சம்பளத்துக்கு உயர்ந்தால் பெரும்பாலும் முழுவதையும் கட்டித்தான் ஆக வேண்டும். ஐஎஃப்எஸ் ஆய்வு நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி, பட்டம் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர் பட்டம் படிக்காமலே இருந்திருந்தால் பண விஷயத்தில் நன்றாக இருந்திருப்பார். அந்த ஐந்தில் ஒருவராகாமல் இருக்க எங்கே படிக்கிறோம் என்பது முக்கியம். கட்டணம் அநேகமாக எல்லா இடத்திலும் ஒன்றுதான், பின்னால் வரும் சம்பளம் ஒன்றல்ல. டிஸ்கவர் யூனி என்ற அரசு சார்ந்த தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் 15 மாதம், 3 ஆண்டு, 5 ஆண்டு கழித்து என்ன சம்பளம் என்று போட்டிருப்பார்கள். மகளும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். 15 மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து மனம் தளராதீர்கள். ஆங்கிலம் படித்தவர்களுக்குத் தொடக்கம் மெதுவாகத்தான் இருக்கும், ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்தைப் பாருங்கள்.

அப்புறம், இங்கே எந்தப் பட்டம் படித்தவரும் எஸ்கியூஇ என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வெழுதி, வேலை அனுபவமும் சேர்த்து சொலிசிட்டர் ஆகலாம். பள்ளி ஆசிரியரானால் லண்டனுக்கு வெளியே தொடக்கச் சம்பளமே 2025 செப்டம்பரிலிருந்து 32,916 பவுண்டு. முதல் வருடத்திலேயே மகள் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கோடைகால வேலைக்கு முயலட்டும். என் மகளுக்கு நேர்காணலில் கைகொடுத்தது அப்படிச் செய்த ஆறு வார வேலைதான்.

தங்கை, மகளின் பிறந்த தேதி, நீங்கள் நாட்டுக்குள் வந்த மாதம், விசா முடியும் மாதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மகளின் பள்ளியில் யூகாஸ் பார்க்கும் ஆசிரியரிடம் இந்த மாதமே பேசிவிடுங்கள்.